முளைப்பாரி: பெண்கள் வளர்க்கும் கலை

கம்பம் பள்ளத்தாக்கில் அம்மன் கோயில் பொங்கல் என்றால் முளைப்பாரி உண்டு. விதை ஊறவைப்பது முதல் கரைப்பது வரை பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு.

பானையில் வைக்கோல், மண், காய்ந்த சாண எரு இட்டு, ஊறிய மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு போன்ற தானியங்களைத் தூவி, வெயில் படாத அறையில் வைக்கிறார்கள். ஒளி இல்லாததால் முளை பச்சை பிடிக்காமல் வெளிர்மஞ்சளாக நீண்டு வளர்கிறது. அடர்த்தியும் உயரமும் வளர்த்தவரின் கைத்திறனைச் சொல்லும். முன்பு அதுவே விதையின் தரத்தையும் காட்டியது.

இரவில் கும்மி. ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கைதட்டிச் சுற்றிவந்து பாடுகிறார்கள். மழை, வெள்ளாமை, பிறந்த வீடு என எதுவும் பாட்டாகும். ஏட்டில் எழுதாமல் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த இந்தப் பாட்டுகளும், நீரில் கரைந்துபோகும் முளையும், ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நிகரான மரியாதைக்கு உரியவை.

இவை பெண்களே வளர்த்த கலைகள்; பறையின் கதை வேறு. நெடுங்காலம் ஆண்கள் அடித்துவந்த அந்தக் கருவியை, அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் கையில் எடுத்தார்கள். இழிவென்று ஒதுக்கப்பட்ட இசையை மேடையில் அடவு கட்டி ஆடியபடி அவர்கள் முழக்குகிறார்கள்.