பிறேக்கின் நடுக்கமும் உப்புக் காற்றும்

குறிஞ்சாக்கேணியிலும் கிண்ணியாவிலும் ஓடும் கார்களிலும் வான்களிலும், சற்று வேகமெடுத்தபின் பிறேக்கை மிதித்த மாத்திரத்தில் ஸ்டியரிங் கைக்குள் துடிக்கத் தொடங்கினால், சில்லைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே, "டிஸ்க் வளைந்துவிட்டது" என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. இத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. அதை நம்பிப் புது டிஸ்க் வாங்கியவர், காரணம் தீராதபடியால், சில மாதங்களில் அதே நடுக்கத்தோடு கராஜுக்குத் திரும்புகிறார்.

வார்ப்பிரும்பினாலான டிஸ்க்கைப் பேட்கள் இரண்டும் இருபுறமிருந்து கவ்வும்போது, அதன் கனம் சுற்றெங்கும் ஒரே அளவாயிருந்தால் பற்றும் விசையும் சீராயிருக்கும். ஓரிடத்தில் அது 0.015 மில்லிமீட்டர் மாறுபட்டாலே, அதாவது தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாறுபட்டாலே, அவ்விடம் பேட்களுக்கிடையே புகும் ஒவ்வொரு தரமும் விசை ஏறி இறங்கி, பல வாகனங்களில் நடுக்கமாக உணரப்படும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சிறு வாகனமொன்றின் சில்லு வினாடிக்குச் சுமார் 12 தரம் சுழல்கிறது. முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பும் ஸ்டியரிங்கும் இயல்பாகவே வினாடிக்குப் பத்து முதல் இருபது தரம் வரை அதிரும் சுபாவமுடையவையாதலின், இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் துடிப்பு பெருகி, வேகம் பாதியாகக் குறைந்ததும் மறைந்துவிடுகிறது.

கனம் மாறுபடுவது எதனால்? டிஸ்க் தன் இருக்கையான ஹப்பில் செம்மையாக அமராமல் அணுவளவு சாய்ந்து சுழலுமாயின், பிறேக்கை மிதிக்காத நேரத்திலும் அதன் ஒதுங்கிய பகுதி சுற்றுக்கொரு தரம் பேட்டை உராய்ந்து செல்ல, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அவ்விடம் தேய்ந்து மெலிகிறது. புது டிஸ்க் ஆரம்பத்தில் அமைதியாக ஓடிப் பின்னர் நடுங்குவதன் இரகசியம் இதுவே.

கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் களப்பும் சூழ்ந்த இப்பிரதேசத்தில் இச்சாய்வுக்குப் பிரதான காரணம் துருவென்றே கருதுகிறேன். உப்பேறிய ஈரம் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே ஊறித் துருவைப் படரச் செய்கிறது. ஹப்பின் விளிம்பில் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள துருச் செதில் ஒன்று சிக்கினாலே, டிஸ்க்கின் வெளிவிளிம்பில் அதன் விளைவு ஏறத்தாழ இரு மடங்கு ஆட்டமாகப் பெருகிவிடும். பல கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டமோ 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர்தான். காலிப்பரின் நகர்வூசிகள் உப்பால் இறுகிவிட்டாலும் பேட் விலகாமல் உராய்ந்து, இதே தீங்கை விளைவிக்கும்.

ஆகையால் பரீட்சை படிப்படியாக நடைபெற வேண்டும். பிறேக் மிதிக்காதபோதும் அதிர்ந்தால் குற்றம் டயரிலோ சில்லின் சமநிலையிலோ இருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் துடித்தால் முன்சில்லுகளையும், ஆசனமும் மிதியும் துடித்தால் பின்சில்லுகளையும் முதலில் ஐயுற வேண்டும். பின்புறம் டிறம் பிறேக் உள்ள வாகனத்தை, ஆளரவமற்ற நேரான காய்ந்த வீதியில், மெதுவான வேகத்தில், கைப்பிறேக்கின் பொத்தானை விடாமல் அழுத்தியபடி சிறிது இழுத்துப் பார்த்தால், நடுக்கம் தோன்றுமிடத்து டிறம் வட்டம் தவறியிருப்பது வெளிப்படும். ஈர வீதியில் சடுதியாக மிதிக்கையில் ஏபிஎஸ் காலடியில் தரும் துடிப்பு மட்டும் பழுதன்று.

அடுத்தது அளவு. மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் கனத்தைச் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து, டயல் கேஜால் ஆட்டத்தைப் பார்த்து, ஒதுங்கிய இடத்தைக் குறித்தபின், டிஸ்க்கைக் கழற்றிச் சற்றே திருப்பி மாட்ட வேண்டும். ஒதுக்கம் டிஸ்க்கோடு நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கினது, ஹப்போடு நின்றுவிட்டால் ஹப்பினது அல்லது பேரிங்கினது. கராஜில் டிஸ்க்கைக் கடையும் லேத் இருப்பதைவிட டயல் கேஜ் இருப்பது முக்கியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

உஷ்ணத்தால் விளையும் நடுக்கம் வேறு வகையானது. மலைநாட்டு இறக்கங்களில் நெடுநேரம் மிதித்த டிஸ்க்கில் நீலம் பாரித்த புள்ளிகள் காணப்பட்டால், அங்கே இரும்பு கடினமான வேறொரு அமைப்பாக மாறியிருக்கக்கூடும். லேத்தில் கடைந்தாலும் சுற்றியுள்ள இரும்பு விரைந்து தேய, அப்புள்ளிகள் மறுபடி மேடாகும். அத்தகைய டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போதும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்துத் துருவை அகற்றி, சில்லு நட்டுகளை எதிரெதிர் ஒழுங்கில், உற்பத்தியாளர் விதித்த முறுக்குவிசையில் (டொயோட்டாவின் பல சிறு கார்களுக்கு அது 103 நியூட்டன் மீட்டர்) சமமாக இறுக்க வேண்டும்; காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் முறுக்கினால், சுத்தமான ஹப்பிலும் புது டிஸ்க் சாய்ந்தே அமரக்கூடும்.