எல்சாட்: மாறியது கேள்வியா, எடையா?

அமெரிக்காவில் சட்டம் படிக்க விரும்புவோருக்கான எல்சாட் நுழைவுத் தேர்வு 1948 முதல் நடக்கிறது. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் எழுதியவர்களிடையே கிளம்பும் பேச்சு, தர்க்கப் பகுதியில் இந்த முறை எந்த வகைக் கேள்வி அதிகம் வந்தது என்பதுதான். வாதத்தின் ஓட்டையைக் கேட்டார்களா, மறைந்திருக்கும் அனுமானத்தைக் கேட்டார்களா என்று கணக்குப் போட்டு, படிப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் வீண் உழைப்பு. பெரிதாக மாறியிருப்பது தர்க்கப் பகுதியின் எடைதான். 2020 வரை மதிப்பெண்ணில் ஏறக்குறையப் பாதி அதற்குரியது. கொரோனாவுக்காகத் தேர்வைச் சுருக்கியபோது மூன்றில் ஒரு பங்கானது. 2024 ஆகஸ்டில் ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு இன்னொரு தர்க்கப் பகுதியைச் சேர்த்ததும், மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது.

கேள்வி வகைகள் பல இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை சோதிப்பது ஒரே திறனைத்தான். ஒரு நகரத்தில் சாலைகளில் கேமரா வைத்தார்கள், மறு ஆண்டு விபத்து குறைந்தது, ஆகவே கேமராதான் காரணம் என்று ஒருவர் வாதிடுவதாகக் கொள்வோம். இதைப் பலவீனப்படுத்தச் சொன்னால், அதே ஆண்டு பெட்ரோல் விலை ஏறி வண்டி ஓட்டம் குறைந்தது என்ற விடை பொருந்தும். அனுமானத்தைக் கேட்டால், வேறெதுவும் விபத்தைக் குறைத்துவிடவில்லை என்பது விடை. பிழையைக் கேட்டால், ஒன்றையடுத்து இன்னொன்று நடந்ததை வைத்தே காரணத்தை முடிவு செய்தது பிழை. மூன்றிலும் தேட வேண்டியது சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான். அது கண்ணில் பட்டுவிட்டால் எந்த வகைக் கேள்வி வந்தாலும் சமாளிக்கலாம்.

போக்கே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1990களின் தாள்களில் ஒரே பத்திக்கு இரண்டு கேள்விகள் வருவதுண்டு. பின்னர் அந்த வழக்கம் மறைந்தது. ஆனால் அண்மைத் தாள்களில் பெரும்பாலானவை வெளியிடப்படுவதில்லை. அவற்றைப் பற்றிய கணிப்பு தேர்வர்களின் நினைவை நம்பியே நிற்கிறது. போதாததற்கு, மதிப்பெண் கணக்கில் சேராத சோதனைப் பகுதி ஒன்றும் தேர்வில் கலந்திருக்கிறது. எது அது என்று எழுதும்போது தெரியாது. அந்தப் பகுதியின் கேள்விகளையும் சேர்த்து எண்ணிவிட்டு ‘போக்கு’ என்பது, இந்தத் தேர்வே கண்டிக்கும் வகை வாதம்.

புதிர்ப் பகுதி பயிற்சியால் எளிதில் தேறக்கூடியது, அதை நீக்கியது உழைப்பாளிகளுக்கு இழப்பு என்ற ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தப் புதிர்களைப் பெரும்பாலோர் படம் வரைந்துதான் தீர்த்தார்கள். அப்படி வரைய இயலாத பார்வையற்றோருக்கு அது அநீதி. அவர்கள் தரப்பு வழக்கு 2019இல் சமரசமாகி, மாற்றத்துக்கு வழி திறந்தது. வழக்கறிஞருக்கு அன்றாடம் வேண்டியது எதிர்த்தரப்பு வாதத்தின் ஓட்டையைக் காணும் கண். அதற்கு எடை கூடியதை நான் வரவேற்கிறேன். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்குச் சுமை கூடியிருக்கிறது என்ற குறைக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

எல்சாட் எழுதப் போகிறவர்கள் வதந்திக் கணக்கை விட்டுவிட்டு, வெளியான பழைய தாள்களின் தர்க்கப் பகுதியைப் போட்டுப் பாருங்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய தாளும் இன்றைக்கு உதவும்.