கதையும் கடைச்சரக்கும்

‘பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?’ என்று நம் ஊரில் கேட்பார்கள். பூவுக்கு மணம் உண்டு. அது தானே காற்றில் ஏறிச் சென்று வாங்குவோரை அழைத்து வரும். ஆனால் உப்புக்கு மணம் ஏது? உறையில் இட்டு மூடிய பாலுக்கும் பொடிக்கும் மணம் ஏது? ஒரே தெருவில் பத்துப் பேர் ஒரே பண்டத்தை விற்கும்போது, ‘என்னிடம் வாங்குங்கள்’ என்று சொல்வதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கதையாகச் சொல்லுதல் இன்று வாணிகத் துறையில் ஒரு தனிக் கலையாகவே போற்றப்படுகிறது. அதைப் பற்றி நான் வகுப்பில் கற்றது சிறிது. என் தாயாரிடமும், நம் பரோடாவுக்கு அருகிலுள்ள ஆனந்த் நகரிலும் கற்றது பெரிது. அதையே இம்மலரில் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதைக்கு ஏன் இத்தனை ஆற்றல்? ‘எங்கள் சரக்கு தூயது, சுவையானது, மலிவானது’ என்று ஒரு வணிகர் சொல்கிறார். அடுத்த கடைக்காரரும் அதையே சொல்கிறார். கேட்பவர் மனத்தில் இரண்டும் நிற்பதில்லை. ஆனால், ‘ஒருவருக்கு ஒரு குறை இருந்தது, அதைத் தீர்க்க முயன்றார், தடை வந்தது, தடையைத் தாண்டினார்’ என்று தொடங்கினால், கேட்பவர் தம்மை அறியாமலே அருகில் வந்து நிற்கிறார். அடைமொழிகள் மறந்துபோகும், நிகழ்ச்சிகள் மறவா. பாட்டி சொன்ன அறிவுரைகளுள் எத்தனை நமக்கு நினைவிருக்கின்றன? அவர் சொன்ன கதைகளோ அப்படியே இருக்கின்றன அல்லவா?

இந்த ஆற்றலை நம் ஊர்ச் சந்தைகள் நெடுங்காலமாக அறியும். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்த வித்தைக்காரனைப் பற்றி நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். கூடை ஒருபுறம், கட்டிய கீரி ஒருபுறம். ‘இதோ விடப்போகிறேன்’ என்று அவன் கதைமேல் கதையாகச் சொல்லிக்கொண்டே போவான். இடையிடையே தாயத்து விற்பனையாகும். கூட்டம் கலையும்வரை சண்டை மட்டும் நடக்கவே நடக்காது. கதை சொல்லும் திறமையில் அவனுக்கு ஈடு இல்லை. ஆயினும் அதே ஊரில் மறுநாள் அவனால் கடை விரிக்க முடியாது!

நானும் ஒருமுறை அந்த வித்தைக்காரனாக இருந்தேன்.

2011-இல் என் தந்தையார் மறைந்தபின், என் தாயார் மதுரையில் வீட்டிலேயே இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து விற்று எங்களைப் படிக்க வைத்தார். நான் வாணிகவியல் படிக்கச் சேர்ந்த ஆண்டில், விடுமுறைக்குச் சென்றபோது, அந்தப் பொடிக்கு ஒரு ‘கதை’ எழுதிக் கொடுத்தேன். ‘செட்டிநாட்டுப் பெரிய வீட்டுச் சமையற்கட்டில் பிறந்தது, நான்கு தலைமுறைக் கைப்பக்குவம்’ என்று உறையில் அச்சாயிற்று. எங்கள் குடும்பத்துக்கும் செட்டிநாட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. முதல் மாதம் பொடி நன்றாகவே விற்றது.

ஒரு நாள் காரைக்குடியைச் சேர்ந்த முதிய ஆச்சி ஒருவர் உறையைப் படித்துவிட்டு, மகிழ்ச்சியோடு, “நீங்க எந்த வீட்டு வழி, ஆத்தா?” என்று கேட்டிருக்கிறார். அன்று இரவு தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அந்த அம்மாவ என்னால நிமிர்ந்து பாக்க முடியல. நான் பொடி இடிச்சு விப்பேன், பொய் இடிச்சு விக்க என்னால ஆகாதுப்பா” என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அந்தக் குற்ற உணர்வோடு இருந்த நாட்களில்தான் நண்பர்கள் சிலரோடு ஆனந்துக்குப் போனேன். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அமுல் வெண்ணெயை அறியாதவர் நம்முள் இல்லை. ஆனால் அதன் கதையை முழுதும் அறிந்தவர் சிலரே.

கேடா மாவட்டத்து உழவர்கள் தங்கள் பாலை இடைத்தரகர் வைத்த விலைக்கே கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. சர்தார் பட்டேலின் அறிவுரைப்படி 1946-இல் அவர்கள் பால் வேலைநிறுத்தம் செய்தனர். பதினைந்து நாட்கள் பம்பாய்க்குப் பால் செல்லவில்லை. திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் அவ்வாண்டே அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 1948-இல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 லிட்டர் பாலோடு பணி தொடங்கியது. 1949-இல் அங்கு வந்து சேர்ந்தார் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர் அவர். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று அயல்நாட்டு வல்லுநர்கள் சொல்லிவந்தனர். அவருடைய தோழர் தலாயா அதைச் செய்து காட்டினார்.

இந்தக் கதையை அவர்கள் எவ்வாறு சொன்னார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 1976-இல் ஷியாம் பெனகல் ‘மந்தன்’ என்னும் திரைப்படத்தை இயக்கினார். ‘கடைதல்’ என்பது அச்சொல்லின் பொருள். அதற்கு முதல் போட்டவர் செல்வர் அல்லர். குஜராத்தின் ஐந்து லட்சம் உழவர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தனர். பத்து லட்சம் ரூபாய் சேர்ந்தது. படத்தில் வெண்ணெயின் பெருமை பேசப்படவில்லை. சாதிப் பிளவும், ஊர்ப் பெரியவர்களின் சூழ்ச்சியும், ஏழைகளின் ஐயமும் மறைக்கப்படாமல் காட்டப்படுகின்றன. சங்கம் அமைக்க வந்த மருத்துவர் இறுதியில் ஊரைவிட்டே போய்விடுகிறார். சங்கத்தைத் தூக்கி நிறுத்துபவர்கள் ஊரார்தாம். தங்கள் படத்தைக் காண உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு திரண்டு வந்தனர். பிறகு அப்படத்தைப் பிற மாநிலச் சிற்றூர்களில் காட்டியபோது, கால்நடை மருத்துவரும் தீவன வல்லுநரும் உடன் சென்றனர். கதை கேட்டு ஆர்வம் கொண்டவருக்கு, உடனே செயலைக் காட்ட ஆள் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனந்துக்கு அருகே ஒரு சிற்றூரின் பால் சங்கத்தில் காலையில் நின்று பார்த்தேன். பெண்கள் பாத்திரங்களோடு வரிசையில் வந்தனர். ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பட்டது. கொழுப்புச் சத்து கண்டறியப்பட்டது. அதற்கேற்ற விலை குறிக்கப்பட்டது. ஒரு மூதாட்டி தம் சீட்டை இருமுறை பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தச் சீட்டு பொய்த்தால் அடுத்த நாளே கதை முழுதும் பொய்த்துவிடும். 1966 முதல் புள்ளிச் சட்டை அணிந்து விளம்பரப் பலகைகளில் குறும்பு பேசி வரும் சிறுமியையும், அந்தச் சீட்டல்லவா தாங்கி நிற்கிறது!

இவற்றிலிருந்து நான் கண்ட உண்மைகள் மூன்று. முதலாவது, கதையின் தலைவர் சரக்கு அன்று; மனிதர். இரண்டாவது, பட்ட தடையை மறைத்தல் ஆகாது. தடையில்லாத கதையை யாரும் நம்புவதில்லை. மூன்றாவது, கதை என்பது ஒரு கடன் சீட்டு. சொல்லியவர் அதை ஒவ்வொரு நாளும் சரக்கால் தீர்க்க வேண்டும்.

இப்பாடத்தோடு தாயாருக்குப் புதிய வாசகம் எழுதினேன். தந்தையார் மறைந்ததையும், பிள்ளைகளை அவர் வளர்த்ததையும் உருக்கமாக எழுதினேன். எல்லாம் உண்மையே. ஆனால் தாயார் அதையும் ஏற்கவில்லை. “பாவம்னு வாங்குறவங்க ஒரு தடவைதாம்ப்பா வாங்குவாங்க” என்றார். அவரே சொன்னதைத்தான் இன்று உறையில் காண்கிறோம்: பொடி அரைத்த நாள், மிளகாய் வாங்கிய ஊர், தம்மோடு வறுத்துப் புடைத்த அண்டை வீட்டுப் பெண்கள் இருவரின் பெயர். ஒரு தொகுதி சற்றுக் காந்திப்போனதால் அதை விற்கவில்லை என்றும் ஒரு மாதம் அச்சிட்டார்! அதைப் படித்துவிட்டுப் பலர் சிரித்தனராம். சிரித்தவர்கள் மறுபடியும் வந்தனராம்.

விற்பனை திடீரென்று பெருகிவிடவில்லை. ஆனால் அந்த ஆச்சியிடம் தாயார் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் இன்றும் மாதந்தோறும் அரைக் கிலோ வாங்குகிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை வாணிகத்தில் புகுவோம். பிறர் சரக்குக்குக் கதை எழுதும் வேலையும் சிலருக்கு வாய்க்கும். எழுதி முடித்ததும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வோம்: இந்தக் கதையைச் சொல்லி விற்பவர், வாங்க வந்தவரை நிமிர்ந்து பார்க்க முடியுமா? முடியும் என்றால் அச்சுக்குக் கொடுப்போம்.