ஈயம் வைத்தால் இசை வரும்!

இசைக் கருவியை விலைக்கு வாங்குவோர் பலர். தாமே ஈயம் வைத்துச் செய்து கொள்வோர் சிலர். இச்சிலருக்கு ஏற்ற கருவி 'மாடுலர் சிந்தசைசர்'.

அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964-ல் இதற்கு ஒரு முன்மாதிரி அமைத்தார். இதில் ஒரு பகுதி ஒலி எழுப்பும். ஒன்று அதை வடிகட்டும். மற்றொன்று ஓசையைக் கூட்டிக் குறைக்கும். அவற்றைக் கம்பிகளால் இணைத்து வாசிக்க வேண்டும். இப்பகுதிகள் உதிரிப் பாகங்களாகவும் விற்கப்படுகின்றன.

ஈயத்தை உருக்கி மேலே அப்புவது தவறு. பலகையின் செம்பையும் பாகத்தின் காலையும் சேர்த்துச் சுடவைத்து, பிறகு ஈயக் கம்பியைத் தொட வேண்டும். தானே வழிந்து பற்றிக்கொள்ளும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த கம்பி 183 டிகிரி சென்டிகிரேடில் உருகும். சூடு போதாவிட்டால் ஒட்டியதுபோல் தோன்றும், ஒட்டியிராது. கருவி கரகரக்கும், அல்லது ஊமையாகும்.

புதியவர்கள் 'மல்டிபிள்' என்ற பகுதியில் தொடங்கலாம். ஒரு மின்குறியைப் பலவாகப் பிரிப்பதே அதன் வேலை. அதன் எளிய வகைக்கு மின்சார இணைப்பே வேண்டாம். பிழை நேர்ந்தாலும் கருகாது. மின்சாரம் ஏறும் பகுதியிலோ இணைப்புப் பட்டையைத் தலைகீழாகச் செருகினால் பாகங்கள் கருகலாம்; போட்ட பணமும் புகையாகும்!

அந்தப் புகையை மட்டுமல்ல, பற்றவைக்கும்போது எழும் புகையையும் முகரக் கூடாது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வாசிக்க உட்காரலாம்.