பெண்டிங்க் தெரு அன்று, உளுந்தூர்பேட்டை இன்று

2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் நிறுவனம் உளுந்தூர்பேட்டையில் ஷூ ஆலை வைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டபோது, கள்ளக்குறிச்சிக்காரர்கள் இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். முதலீடு 2,302 கோடி ரூபாய். வேலை 20,000 பேருக்கு. அதில் தப்பில்லை. 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. சர்க்கரை ஆலை, நெல், கரும்பு, மரவள்ளி என்று ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு உலகத்துக்கே ஷூ தைக்கும் கம்பெனி வருகிறது என்றால் முதலில் எண்களைத்தான் பார்ப்போம்.

ஆனால் சீனம் பேசுகிறவர்கள் காலணித் தொழிலோடு இந்தியாவுக்கு வருவது இது முதல் முறை அல்ல. முன்பு கல்கத்தாவுக்கு வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மொழியையும் பண்டிகையையும் எப்படிக் கொடுத்தார்கள், அது எப்படிக் கைநழுவியது என்பதை கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் நாம் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அச்சியூ என்ற சீன வணிகர் ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுக் கரும்பாலை வைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். அவருக்குப் பின்னால் வந்தவர்களிடம் ஊருக்கு ஒரு தொழில் இருந்தது. கான்டன் பக்கத்தவர் தச்சுவேலை செய்தார்கள். ஹூபே மாகாணத்தார் பல் கட்டினார்கள். சென்னையில் பழைய தலைமுறைக்குத் தெரிந்த சீனப் பல் டாக்டர்கள் இந்த வழி வந்தவர்கள்தான். ஹக்கா மொழி பேசிய சீனர்கள் தோலைப் பிடித்துக்கொண்டார்கள். சாதி பார்த்து உள்ளூர்க்காரர்கள் பலர் தொடத் தயங்கிய தொழில் அது. கல்கத்தாவின் தாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள், பெண்டிங்க் தெருவில் ஷூ கடை போட்டார்கள்.

தாங்ராவில் பதனிடும் பட்டறையும் வீடும் பெரும்பாலும் ஒரே கட்டடம். பிள்ளை கீழே இறங்கினால் தொழில், மேலே ஏறினால் பாட்டி. வீட்டில் ஹக்கா, தெருவில் இந்தியும் வங்காளமும், பள்ளியில் மாண்டரின். அந்தப் பகுதியிலேயே பெய்மெய் என்ற சீனப் பள்ளி இருந்தது. கற்ற எழுத்துக்கு அக்கம்பக்கத்திலேயே வேலையும் இருந்தது. சீன எழுத்தில் பத்திரிகை அச்சாகி வீட்டுக்கு வந்தது; கோயில் பலகையிலும் கல்லறையிலும் அதே எழுத்துதான்.

பண்டிகையைத் தனியாக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சீனப் புத்தாண்டுக்குப் பெரியவர்களைக் கும்பிட்டால் சிவப்பு உறையில் காசு கிடைக்கும். ஏப்ரல் வாக்கில் சிங்மிங் நாளில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்க் கழுவி, பெருக்கி, நாம் முன்னோருக்குப் படையல் போடுவதுபோல உணவு வைப்பார்கள். இலையுதிர்கால நிறைநிலவுக்கு நிலா கேக். புத்தாண்டை ஒட்டி மொத்தக் கூட்டமும் அச்சிப்பூருக்குப் போய் முதலில் வந்தவரை வணங்கிவிட்டு வரும். அந்த ஒரு நாள் பயணம்தான் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம்.

1962 இந்திய-சீனப் போர் இதை உடைத்தது. அசாமிலும் டார்ஜிலிங் பக்கத்திலும் குடியிருந்த சீனக் குடும்பங்கள் உட்பட சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். இந்தியாவிலேயே பிறந்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். சிலர் வெளியே வர ஐந்து வருடம் ஆயிற்று. முகாமுக்குப் போகாதவர்களாலும் போலீஸ் அனுமதி இல்லாமல் ஊர் தாண்ட முடியவில்லை. சீனம் தெரியும் என்பதே சந்தேகத்துக்குக் காரணம் ஆகிவிட்ட நாட்டில் எந்தத் தாய் பிள்ளையைச் சீனப் பள்ளிக்கு அனுப்புவாள்? ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே படித்தவர்கள் பலர் டொரண்டோவுக்குப் போனார்கள்.

அடுத்த அடி தொழிலில் விழுந்தது. கல்கத்தாவின் தோல் பட்டறைகளை பந்தலாவுக்கு மாற்றச் சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தாங்ராவின் பட்டறைகள் பல உணவகங்கள் ஆயின. (நம்மூர் முக்குக் கடையில் வெந்துகொண்டிருக்கும் மஞ்சூரியனுக்கும் கல்கத்தாவில் பிறந்த ஒரு சீனர்தான் மூலம் என்பார்கள்.) ஒரு காலத்தில் இருபதாயிரத்தைத் தொட்ட கல்கத்தாச் சீனர்கள் இன்று சில ஆயிரம் பேர்தான். பெய்மெய் பள்ளியில் வகுப்பு நடப்பதில்லை. புத்தாண்டன்று சிங்க நடனம் இப்போதும் உண்டு. அதைப் பார்க்கக் கேமராவோடு கூடும் வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். மேளம் அடிக்கும் பையன் சீன எழுத்து படிப்பானா என்பது சந்தேகமே.

இதில் எனக்குப் படுவது ஒன்றுதான். மொழியும் பண்டிகையும் பிள்ளைகளிடம் தங்கியது, வீட்டுத் தொழிலும் பள்ளியும் அவற்றோடு ஒட்டியிருந்தவரை. இரண்டும் விலகியதும் மேடை நடனம் மட்டும் மிஞ்சியது.

நாடு சீன மொழியைக் கையாண்ட விதம் வேறு கதை. 1937-ல் தாகூர் சாந்திநிகேதனில் சீன பவனம் திறந்தார். 2009-ல் நமக்குப் பக்கத்திலேயே வேலூர் விஐடியில் கன்பூசியஸ் நிறுவனம் வந்தது. 2010-ல் சிபிஎஸ்இ பள்ளிகளில் மாண்டரின் வரும் என்று டெல்லி அறிவித்தது. 2019-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை வரைவில் அயல்மொழிப் பட்டியலில் சீனம் இருந்தது. சீனாவோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு 2020 ஜூலையில் வெளியான இறுதி வடிவில் காணோம். எல்லையில் துப்பாக்கி நீண்டால் வகுப்பறையில் பாடம் போய்விடுகிறது. இது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது. எதிராளியின் மொழி தெரிந்தவனுக்குத்தான் பேரம் பேச வரும்.

இப்போது மலைக்கு வருவோம். கல்வராயனின் மலையாளிப் பழங்குடியினருக்கும் ஓர் இடப்பெயர்வுக் கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பி மலைக்கொருவராகக் குடியேறினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1976-ல் ஒழியும் வரை ஜாகிர்தார்கள் ஆட்சி நடந்த மலை இது. சாமை, தினை விதைத்த காலத்தில் விதைப்பும் அறுப்பும் சாமி கும்பிடுவதும் ஒரே வரிசையில் வந்தன. பிள்ளைகள் கூடவே நின்று கற்றார்கள். பிறகு மரவள்ளி வந்தது, ஜவ்வரிசி ஆலைக்குப் போனது. பிழைப்புக்காகக் கர்நாடகா, கேரளா எஸ்டேட்டுகளுக்குக் குடும்பமே போகிறது. பிள்ளைகள் ஜிடிஆர் ஸ்கூலில், அதாவது உண்டு உறைவிடப் பள்ளியில் தங்குகிறார்கள். அந்தப் பள்ளிகளைக் குறை சொல்லமாட்டேன். அவை இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்கு எழுத்தே இல்லை. ஆனால் ஊர்த் திருவிழா நடக்கும் நாளில் பிள்ளை விடுதியில் இருக்கிறான். பாட்டி கதை சொல்லும் இரவுகளிலும் விடுதியில்தான் இருக்கிறான்.

நாளை இதே பிள்ளைகளில் பலர் வெள்ளிமலையிலிருந்து இறங்கி உளுந்தூர்பேட்டை ஷூ கம்பெனி வாசலில் நிற்பார்கள். மேலதிகாரி பேசும் மொழி தெரியாவிட்டால் லைனில் தைப்பதோடு நின்றுவிடுவார்கள். கொஞ்சம் தெரிந்தால் சூப்பர்வைசர் ஆவார்கள். ஆகவே மாவட்டத்து ஐடிஐகளில் மாலை நேரச் சீன வகுப்பு வேண்டும். கம்பெனியிடமே ஆசிரியரைக் கேட்கலாம். மலைப் பள்ளிகளில் ஊர்த் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பாட்டும் கதையும் தெரிந்த பெரியவர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து வாரம் ஒருநாள் வகுப்புக்கு அழைக்க வேண்டும். புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆட்சியர் அலுவலகமும் பழங்குடியினர் நலத்துறையும் மனம்வைத்தால் வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.