வல்லாளனுக்கு இரண்டு ஆய்வேடுகள்

மாசி மகத்தன்று எங்கள் ஊர்ச் சாமி திதி கொடுக்கப் போவார். அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, ஆற்றங்கரையில் வல்லாள மகாராஜாவுக்கு மகன் முறையில் கடன் தீர்ப்பார். பிள்ளையில்லாத ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் சொல்லும் கதை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தவன் நான். அந்த ராஜா யார் என்று கேட்கத் தொடங்கித்தான் வரலாற்று மாணவன் ஆனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது அவரையே பொருளாக எடுத்துக்கொண்டேன். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன். வடக்கே தில்லிப் படை, தெற்கே மதுரை சுல்தான். நடுவில் திருவண்ணாமலையில் வந்து தங்கி அரசாண்டவர். கோயிலில் ஒரு கோபுரம் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. இப்போது என்னிடம் பதிந்த மாணவி ஒருத்தி அதே மன்னனின் காலத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றிருக்கிறாள். இரண்டு ஆய்வேடுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அன்று எங்கள் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது 2002-இல்தான். போசளரைப் பற்றி டெரட் 1957-இல் எழுதிய நூலோ, கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921-இல் தென்னிந்தியாவின் இஸ்லாமியப் படையெடுப்புகள் பற்றி எழுதிய நூலோ எங்கள் ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. விடியற்காலை பஸ் பிடித்து, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை போய், கன்னிமாரா நூலகத்தில் நாற்காலி தேடி உட்கார்ந்தால் மத்தியானம் ஆகிவிடும். நான்கு மணி நேரம் கையால் எழுதிக்கொள்வேன். பிறகு பாரிமுனைக்கு ஓடி ராத்திரி பஸ்.

எங்கள் கோயில் கல்வெட்டுகளையே புதுச்சேரிக்குப் போய்த்தான் படித்தேன். அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திருவண்ணாமலைக்கென்றே தனி நூல் வரிசை வெளியிட்டிருக்கிறது. அதில் பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதிகள் 1990-இல் வந்தன. கோயிலின் அமைப்பு, திருவிழாக்கள், ஊர் என்று மற்ற தொகுதிகள் பிரெஞ்சு மொழியில். அவற்றின் வரைபடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் நெறியாளர் ஒரு நாள் ஐயங்கார் நூலின் ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தார். அச்சகத்தில் பச்சை நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டது. ஓரங்களில் அவருடைய பென்சில் குறிப்புகள். அதில்தான் இபின் பதூதாவின் சாட்சியம் முதன்முதலில் கண்ணில் பட்டது. வல்லாளன் எண்பது வயதில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டதையும், அவர் உடலின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும், தானே அதைப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். அது 1342-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மாசி மகத்தில் சாமி ஆற்றங்கரைக்குப் போவதை அதன் பிறகு பழைய கண்ணோடு என்னால் பார்க்க முடிந்ததே இல்லை.

என் மாணவிக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. ஐயங்கார் நூல் அவள் போனில் இருக்கிறது. எங்கள் கோயில் கல்வெட்டுகள் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியும் இருக்கிறது. அவளுடைய ஆய்வேடு ஷோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கும். என்னுடையது பல்கலைக்கழக அலமாரியில் கிடக்கிறது.

இந்த மாற்றம் நல்லது என்றுதான் சொல்வேன், தயக்கமே இல்லாமல். என்னோடு எம்.ஃபில். முடித்த ஒரு தோழி முனைவர் பட்டத்துக்குப் போகவில்லை. சென்னையில் ராத்திரி தங்கவோ, ராத்திரி பஸ்ஸில் திரும்பவோ வீட்டில் விடமாட்டார்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் நூலகத்தில் படிக்க முடியாது. என்னைவிடக் கல்வெட்டு நன்றாகப் படிப்பவர் அவர்.

ஆனால் நூலைக் கொடுக்கும் விதம் மாறிவிட்டது. அன்று ஜெராக்ஸ் வாங்கிப்போனவர் திருப்பித் தர வரவேண்டும். வந்தால் திண்ணையில் ஒரு மணி நேரம் பேச்சு. இன்று வாட்ஸப்பில் நாற்பது நூல்கள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. திறப்பவர் குறைவு. என் மாணவி அதற்கு ஒரு வழி கண்டாள். பட்டம் கிடைத்த வாரத்திலிருந்து சனிக்கிழமைக்கு ஒரு நூல் மட்டும் அனுப்புகிறாள், ஏன் படிக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பத்தி எழுதி. முதல் நூல் ‘செங்கம் நடுகற்கள்’. இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்டது.

மன்னரை ஆராய்ந்தவள் ஏன் நடுகல்லில் தொடங்கினாய் என்று கேட்டேன். “எடுத்தனூருக்காக, சார்” என்றாள். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் அங்கே நட்ட கல், கருந்தேவகத்தி என்ற வீரனைச் சொல்லிவிட்டு, கோவிவன் என்ற அவனுடைய நாயையும் சொல்கிறது. இரண்டு கள்வரைக் கடித்து நின்ற நாய். கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செங்கம் பக்கத்தில் இப்படிப்பட்ட கற்கள் பல இன்றும் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு பிள்ளைகள் சிலர் வேன் பிடித்து எடுத்தனூருக்கே போய்வந்தார்கள்.

அவளுடைய பொது வாய்மொழித் தேர்வில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “ஏம்மா, வல்லாளனுக்கு மகன் இருந்தான், பட்டம் கட்டினான்னு எழுதியிருக்க. அப்புறம் சாமி எதுக்குத் திதி குடுக்குது?” அரங்கம் அவளையே பார்த்தது. “மகன் இருந்தது உண்மைதாங்க ஐயா. ஆனா அந்த வம்சமே கொஞ்ச காலத்துல முடிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் அவரை நினைக்கிறது நம்ம ஊர்தான். அது எப்ப தொடங்குச்சுன்னு கல்வெட்டுல தேடினேன், எனக்குக் கிடைக்கல.” பெரியவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். தேர்வாளர்கள் கேட்ட கேள்விகளைவிட எனக்கு இந்த ஒன்றுதான் பெரிதாகப் பட்டது. அவர் ஆய்வேட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததைப் பேரனை விட்டுப் படித்துச் சொல்லச் சொன்னாராம்.

பட்டம் முடித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆய்வேட்டின் சாரத்தைப் பத்துப் பக்கம் தமிழில் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த ஐந்து வரலாற்று நூல்களின் பெயரைப் போட்டு, உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.