மெய்நிகர் உலகும் மேலூர் மலையும்: உலகச் சிக்கல்களை இளையோர்க்குக் கற்பித்தல் குறித்த உவமவியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சுற்றுச்சூழல், வறுமை, நீர்ப்பங்கீடு, கனிம வளம் முதலிய உலகச் சிக்கல்களை இளையோர்க்குக் கற்பிக்கக் கணினியில் புனையப்பட்ட மெய்நிகர் உலகங்கள் கடந்த இருபது ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. இத்தகைய உலகம் ஒவ்வொன்றும் ஓர் உவமையே என்பதும், தொல்காப்பிய உவமவியல் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு அடிப்படைகளைக் கொண்டு அதன் கற்பித்தல் வலிமையை அளக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியில் எழுந்த டங்ஸ்டன் சுரங்கச் சிக்கல் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: மெய்நிகர் உலகம், உவமவியல், வினை, பயன், அரிட்டாபட்டி, கண்மாய், மறுகால்.

மெய்நிகர் என்னும் சொல்

‘மெய்நிகர்’ என்பது அண்மைக்காலக் கலைச்சொல். ஆயினும் அதன் பின்னொட்டாக நிற்கும் ‘நிகர்’ பழைமையானது. தொல்காப்பிய உவமவியல் அடுக்கும் உவம உருபுகளுள் ‘நிகர்ப்ப’ என்பதும் ஒன்று. எனவே மெய்நிகர் உலகம் என்று சொல்லும்போதே அது மெய்யுலகம் அன்று, மெய்யுலகைப் போன்றது என்னும் பொருளைத் தமிழ் தன் சொல்லாக்கத்திலேயே உணர்த்திவிடுகிறது. இச்சொல்லைப் படைத்தோர் இதை எண்ணிப் படைத்தனரோ இல்லையோ, ஆய்வுக்கு இது நல்ல தொடக்கம்.

உவமை என்றால் பொதுத்தன்மை வேண்டும். எப்பொதுத்தன்மை எடுக்கப்பட்டது, எவை விடப்பட்டன என்று வினவுவதே உவமையைப் படிக்கும் முறை. தொல்காப்பியர் பொதுத்தன்மையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறார். மெய் என்பதை வடிவு எனவும் உரு என்பதை நிறம் எனவும் உரையாசிரியர் கொள்வர். இவற்றுள் மெய்யும் உருவும் கண்ணுக்குப் புலப்படுவன. வினையும் பயனும் நிகழ்ந்த பின்னரே அறியப்படுவன.

மெய்நிகர் உலகங்களைப் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் மெய், உரு என்னும் இரண்டோடு நின்றுவிடுகிறது. காட்சி எவ்வளவு துல்லியம், மரத்தின் இலை அசைகிறதா, தலையில் அணியும் கருவி எவ்வளவு தெளிவு என்பனவே வினவப்படுகின்றன. ஓர் உலகச் சிக்கலைப் புரியவைப்பது இவை அல்ல. செய்தவன் செய்ததன் விளைவை எதிர்கொள்ளும்போதுதான் சிக்கல் சிக்கலாகத் தெரிகிறது. விளையாட்டு தன் விதிகளின் வழியாகவே வாதிடுகிறது என்று இயன் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தம் நூலில் நிறுவியதும் ஏறத்தாழ இதே கருத்தே. அவர் அதனை நவீன அணியியலின் ஒரு கிளையாகக் கண்டார். தமிழ் மரபில் அதற்கான இடம் உவமவியலிலேயே இருக்கிறது.

வினை உண்டு, பயன் இல்லை

இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ‘அயிட்டி’ குறிப்பிடத்தக்கது. நியூயார்க்கின் குளோபல் கிட்ஸ் அமைப்பைச் சார்ந்த பள்ளி மாணவர்கள் கேம்லேப் நிறுவனத்தோடு சேர்ந்து 2006இல் உருவாக்கியது இது. ஹெய்ட்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஐவர் கொண்ட குடும்பத்தை நான்கு ஆண்டுகள் நடத்திச் செல்ல வேண்டும். பருவந்தோறும் எவர் பள்ளி செல்வது, எவர் வேலைக்குச் செல்வது என ஆடுபவர் முடிவு செய்கிறார். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பினால் பணம் தீர்கிறது. எல்லோரையும் வேலைக்கு அனுப்பினால் உடல்நலம் கெடுகிறது. முதல் ஆட்டத்தில் வெல்வது அரிது. காட்சியமைப்பில் இது மிக எளிய படங்களால் ஆனது. மெய்யும் உருவும் மெலிந்து, வினையும் பயனும் ஓங்கிய உவமை இது எனலாம்.

புதுதில்லியிலுள்ள யுனெஸ்கோ மகாத்மா காந்தி கல்வி நிறுவனத்தின் முன்முயற்சியில் வந்த ‘வேர்ல்டு ரெஸ்க்யூ’ என்னும் விளையாட்டு கென்யா, நார்வே, பிரேசில், இந்தியா, சீனா ஆகிய ஐந்து நாடுகளில் நிகழ்கிறது. இடப்பெயர்வு, நோய், காடழிப்பு, வறட்சி, மாசு ஆகியவை அதன் பொருள்கள். ஐந்து நாட்டு இளையோரை ஒரே ஆட்டத்தில் சந்திக்கவைப்பது அதன் சிறப்பு. ஆயினும் சிக்கல்கள் விரைந்து தீர்க்கத்தக்கவையாக அமைந்துள்ளமையால், தீர்வுக்கு யார் எவ்விலை கொடுத்தனர் என்னும் வினா பின்தங்கிவிடுகிறது.

இன்று உலகெங்கும் வகுப்பறைக்குள் மிகுதியாகப் புகுந்திருப்பது மைன்கிராஃப்ட். 2012 முதல் ஐ.நா. வாழிட அமைப்பு ‘பிளாக் பை பிளாக்’ என்னும் திட்டத்தின்கீழ் நைரோபி, மும்பை, ஹனோய் முதலிய நகரங்களில் பொதுவெளிகளைத் திட்டமிட இதனைப் பயன்படுத்தி வருகிறது. வரைபடம் படிக்கத் தெரியாதவரும் தம் தெருவைக் கட்டிக்காட்ட முடிகிறது என்பதால் அத்திட்டம் பாராட்டுக்குரியதே. கல்விக்கான தனிப்பதிப்பும் 2016இல் வெளிவந்தது.

ஆனால் இவ்வுலகின் அடிப்படை வினை எது? தோண்டுதல். விளையாட்டின் பெயரே அதைத்தான் சொல்கிறது. மலை என்பது கனசதுரக் கற்களின் அடுக்கு. கல்லை உடைத்தால் கனிமம் கைக்கு வருகிறது. உடைக்கப்பட்ட மலைக்கு உரிமையாளர் இல்லை, அம்மலையிலிருந்து நீர் பெறும் வயல் இல்லை, அங்கு வழிபடுவோர் இல்லை. தீர்ந்துபோனால் வேறு திசையில் நடந்தால் புதுமலை தோன்றும். வினை உண்டு, பயன் இல்லை. பிற பகுதிகளில் இது வெறும் விளையாட்டு விதியாகக் கடந்துபோகலாம். மேலூரில் அவ்வாறு கடந்துபோக இயலாது.

மேலூர்: உலகச் சிக்கல் வந்து சேர்ந்த ஊர்

மதுரையின் வடகிழக்கே அமைந்த மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலப்பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், ஏறத்தாழ 250 பறவையினங்கள், அவற்றுள் லகர் வல்லூறு போன்ற அரியவை, எறும்புதின்னி, தேவாங்கு, பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில், சமணப் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள் என அப்பகுதியின் வளம் விரிந்தது. மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் மலைக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயர் இடம்பெறுவதைத் தமிழாய்வாளர் அனைவரும் அறிவர். அக்குன்றுகளின் நீர்ப்பிடிப்பால் 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் மூன்று தடுப்பணைகளும் பயன்பெறுவதாக அரசின் அறிவிப்பு குறிப்பிடுகிறது. இங்கு ‘ஏரி’ எனப்படுபவற்றை மேலூர் மக்கள் கண்மாய் என்பர். இச்சொல் வேறுபாடு பின்னர்த் தேவைப்படும்.

இத்தலத்தையும் உள்ளடக்கி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்னும் பெயரில் 2015.51 ஹெக்டேர் பரப்பு ஏலம் விடப்பட்டு, 2024 நவம்பர் 7 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. பாரம்பரியத் தலப் பகுதியை விலக்கி எல்லையை மீள வரையலாமா என ஆராயுமாறு டிசம்பர் இறுதியில் ஒன்றிய அரசு புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. 2025 சனவரி 7 அன்று உழவர்களும் வணிகர்களும் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கிப் பேரணியாகச் சென்றனர். சனவரி 23 அன்று ஏலம் கைவிடப்பட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

இது உள்ளூர்ச் செய்தி மட்டும் அன்று. உலக டங்ஸ்டன் உற்பத்தியில் பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்கிற்குக் குறையாமல், சீனாவிடமிருந்து வருகிறது. 2023இல் இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. 3,422 செல்சியஸ் பாகையில்தான் உருகும் இவ்வுலோகம் வெட்டுக்கருவி முதல் படைக்கலம் வரை பயன்படுகிறது. கைப்பேசி அதிரும்போது உள்ளே சுழலும் சிறு எடைக்கட்டியும் டங்ஸ்டன் கலவையால் செய்யப்படுவது வழக்கம். மேலூர் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் மலையைத் தோண்டி விளையாடும்போது, தோண்டும் ஒவ்வொரு முறையும் கையில் உணரும் அதிர்வு அந்த உலோகத்திலிருந்தே வரக்கூடும். உலகச் சிக்கல் என்பதற்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

193 ஹெக்டேரை விலக்குதல்

மேற்கூறிய நிகழ்வுகளுள் கற்பித்தலுக்கு மிகவும் பயன்படத்தக்கது பேரணியோ ஏல நீக்கமோ அன்று. எல்லையை மீள வரையலாமா என்ற இடைக்கால வினாவே அது. 2015 ஹெக்டேரில் 193 ஹெக்டேரை விலக்கிவிட்டால் சிக்கல் தீருமா? வரைபடத்தில் இது மிக எளிது, ஒரு கோடு போதும். மெய், உரு ஆகியவற்றால் மட்டும் அமைந்த மெய்நிகர் உலகிலும் இது எளிது. குன்று பசுமையாக நிற்கும், கோயில் நிற்கும், வல்லூறு பறக்கும், கோட்டுக்கு அப்பால் சுரங்கம் இயங்கும்.

மேலூர் நிலத்தின் நீரியக்கம் தெரிந்தவர்க்கு இது எளிதாகத் தோன்றாது. கண்மாய் தனித்து நிற்பதில்லை. மலையில் விழும் மழை ஓடைவழி உள்வாயில் சேர்ந்து, மடைவழி வயலுக்கும், நிரம்பியபின் கலுங்குவழி வழிந்து மறுகாலாக அடுத்த கண்மாய்க்கும் செல்கிறது. ஒரு கண்மாயின் மிகுதியே அடுத்ததன் வரவு. ஆனைகொண்டான் கண்மாய் போன்றவை இத்தொடரில் கட்டப்பட்டவை. 1895இல் முல்லைப்பெரியாறு அணை நிறைவுற்றபின் பெரியாற்றுக் கால்வாய் நீரும் இவ்வட்டாரத்துக்கு வந்தது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கப்பால் மேலூர்ப் பகுதியில் ஏறத்தாழ 85,000 ஏக்கர் ஒருபோகம் என்பது இன்றும் நிலவும் முறை. நீர் யார்க்கு முன், யார்க்குப் பின் என்பது இங்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பாடநூலால் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே இந்நிலத்தை உவமிக்கும் மெய்நிகர் உலகில் ஒரே ஒரு விதி தவறாது இருக்க வேண்டும்: மேலே செய்தது கீழே தெரிய வேண்டும். ஸ்ட்ரேஞ்ச் லூப் நிறுவனம் 2018இல் முன்வெளியீடாகத் தந்த ‘ஈகோ’ என்னும் மெய்நிகர் உலகம் இவ்வழியில் செல்கிறது. அங்கு வெட்டிய மரமும் கொட்டிய கழிவும் எல்லா ஆட்டக்காரரின் சூழலையும் பாதிக்கின்றன. ஆட்டக்காரர்களே வாக்களித்துச் சட்டம் இயற்றிக்கொள்ளலாம். ஒருவரது வினையின் பயன் மற்றவர்மேல் விழுவதால் பேச்சு தொடங்குகிறது. அந்தப் பேச்சே பாடம்.

விதியை எழுதும் மொழி

இவ்விடத்தில் தமிழ்த்துறைகளுக்குரிய பணி ஒன்று உண்டு. அயல்நாட்டில் உருவான உலகங்களைத் தமிழாக்கம் செய்வது பொதுவாகத் திரையில் தோன்றும் சொற்களை மாற்றுவதோடு முடிகிறது. விதிகள் மாறுவதில்லை. கண்மாய் என்பதற்கு ஏரி என்று எழுதிவிட்டால் நீர் தேங்கும் இடம் கிடைக்கும், மறுகால் கிடைக்காது. மறுகால் என்னும் சொல் இல்லாத உலகில் அடுத்த ஊர் என்பதும் இல்லை. உள்வாய், மடை, கலுங்கு, மறுகால், கடைமடை என்பன வெறும் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் நீர் எங்கிருந்து எங்குச் செல்லும் என்று கூறும் விதி. மேலூர் வட்டாரத்தில் வழங்கும் இத்தகைய நீர்ச்சொற்களைத் தொகுத்து, அவை உணர்த்தும் வினைமுறையோடு பதிவு செய்தால், நிரலாளர் எழுதும் விதிகளுக்கு அதுவே மூலவரைவாகும். வட்டார வழக்கு அகராதிகள் சொல்லுக்குப் பொருள் தந்துள்ளன. அச்சொல்லின் இயக்கம் எழுதப்படாமலே பெரிதும் கிடக்கிறது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படுவதில்லை. மைன்கிராஃப்ட் போன்ற உலகத்தையே எடுத்து, அதன் தோண்டும் விதியில் இல்லாதது எது என்று மாணவரையே பட்டியலிடச் செய்வது முதல் படி. அடுத்து அவர்களே விதி எழுத வேண்டும். மலையின் ஒரு பகுதியை எடுத்தால் எந்தக் கண்மாய் எத்தனை மழைக்குப் பின் நிரம்பும், யாருடைய வயல் முதலில் தரிசாகும் என்று ஊர் முதியோரிடமும் பொதுப்பணித் துறை ஆவணங்களிலும் தேடி அவர்களே வகுக்க வேண்டும். கணினி இல்லாத பள்ளியில் தரையில் வரைந்த கண்மாய் வரிசையும் புளியங்கொட்டைகளும் இதே பணியைச் செய்யும். அயிட்டியைப் பள்ளி மாணவர்களும் சேர்ந்தே உருவாக்கினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. விளையாடியவரைக் காட்டிலும் விதியை எழுதியவர் மிகுதியாகக் கற்றிருப்பர். (ஃப்ளாஷ் நுட்பத்தை நம்பிய அக்கால விளையாட்டுகள் பலவும் அந்நுட்பத்துக்கான ஆதரவு 2020 இறுதியில் நின்றபோது இயங்காமல் போயின. ஓலைச்சுவடிகளுக்குக் கிடைத்த ஆயுள்கூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை.)

மாணவர் எழுதும் விதிகள் ஒருபக்கம் சாயும் என்னும் ஐயம் முறையானது. மேலூர் மாணவர் அமைக்கும் உலகில் சுரங்கம் எப்போதும் தோற்கும்படி விதி எழுதப்படுவது இயல்பு. கிரானைட் குவாரிகளால் குன்றுகள் கரைந்ததையும், 2014இல் உயர்நீதிமன்றம் சகாயத்தைச் சட்ட ஆணையராக அமர்த்தி விசாரிக்கச் செய்ததையும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் முடிவு முன்பே தெரிந்த ஆட்டம் கற்பிப்பதில்லை, அது பரப்புரையாகிவிடும்.

இதற்கு மாற்று, அவ்வுலகின் பரப்பை விரித்தலே. மேலூரில் எடுக்கப்படாத டங்ஸ்டனின் தேவை மறைந்துவிடுவதில்லை. கைப்பேசி அதிர்கிறது, வெட்டுக்கருவி சுழல்கிறது. அவ்வுலோகம் வேறெங்கோ ஒரு மலையிலிருந்து வருகிறது, அம்மலையின் அடியிலும் ஓர் ஊர் இருக்கிறது. மாணவர் அமைக்கும் மெய்நிகர் உலகில் அந்த இரண்டாம் ஊரும் இடம்பெற வேண்டும். அதன் நீர்வழிக்கும் விதி எழுதப்பட வேண்டும். வகுப்பின் ஒரு பாதியினர் அவ்வூராராக அமர்ந்து, அரிட்டாபட்டியில் ஏலம் கைவிடப்பட்ட மறுநாளிலிருந்து ஆட்டத்தைத் தொடர வேண்டும்.